பனையேறப் போறேன், காலேஜ என்ன பண்றது

மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன். அஞ்சாவது செமஸ்டர் எக்ஸாம் இப்பதான் முடிஞ்சுது. ஜனவரில ஆறாவது செமஸ்டருக்குப் போய் உக்காரணுமா, இல்ல காலேஜ விட்டுட்டு மாமாகூட பனையேறப் போகணுமாங்கிறதுதான் கொஞ்ச நாளா என் தூக்கத்தைக் கெடுத்துட்டு இருக்கு. ஹாஸ்டல்ல சொன்னா "டேய் சும்மா இரு, ஒரு அரியர் வந்ததுக்கு இவ்வளவு சீனா"ன்னு கேக்குறாங்க. எனக்கு அரியரே கிடையாது, படிப்பு ஏறாமலும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா படிக்க முடியாதவன்தான் காட்டு வேலைக்குப் போவான்னு எல்லாரும் ஒரு முடிவோடயே பேசுறாங்க.

எங்க ஊரு உடன்குடிக்குப் பக்கத்துல. அந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், செக்கச்செவேல்னு தேரி மணல், அதுல வேற எதுவும் ஒழுங்கா வராது, பனை மட்டும் வரிசையா நிக்கும். எங்க ஊரு கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. இந்தப் பக்கம் உடன்குடி அனல் மின் நிலையம் வருது, 660 மெகாவாட்ல ரெண்டு யூனிட். அந்தப் பக்கம் குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோவோட ராக்கெட் ஏவுதளம், 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க. அதனால எங்கம்மா கணக்கு ரொம்ப ஸ்ட்ராங். "வீட்டு வாசல்லயே கரண்ட் கம்பெனியும் ராக்கெட்டும் வருது, மெக்கானிக்கல் படிச்ச பிள்ள எதுக்குல மரத்துல ஏறணும்?"னு கேக்குறா. பதில் சொல்ல முடியாத கேள்விதான்.

எங்க தாத்தா பனையேறி. தாத்தா நெஞ்சு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மரத்தோட உரசி உரசி அந்த இடத்துல தோல் தடிச்சு கருப்பா, தொட்டா சொரசொரன்னு இருக்கும். சட்டை போடாம இருந்தா பாத்த உடனே இவர் என்ன வேலை பாக்குறார்னு தெரிஞ்சிரும், அந்தக் காலத்துல அதை வச்சே எங்க உக்காரணும் எங்க உக்காரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுல காமராசர் படம் சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு, அது சும்மா மாட்டுனது இல்ல. ஸ்கூலுக்குப் போனா மரத்துல இருந்து இறங்கிரலாம்னு நம்புன தலைமுறை அது. அப்பா எட்டாவதோட மெட்ராஸ் போய் மளிகைக் கடைல நின்னாரு, இன்னும் அங்கதான் நிக்கிறாரு, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் வருவாரு. இப்படி ரெண்டு தலைமுறை சேந்து இறக்கி விட்ட ஒருத்தன், திரும்ப ஏறுறேன்னு சொன்னா அம்மாவுக்கு எப்படி இருக்கும். "எய்யா, ஒன்னய பனையேறி மவன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னுதான் நான் ஒத்தையா இங்க கெடக்கேன்"னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அன்னைக்கு அதுக்கு மேல நான் பேசல.

இந்த ஆசை எப்படி வந்துச்சுன்னா, 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டாங்கல்ல, அது சரியா பதனி (பனைலேருந்து எறக்குற இனிப்புத் தண்ணி) சீசன் நடுவுல வந்துச்சு. ஸ்கூல் இல்ல, மாமாவுக்கு கூட வேலை பாக்க ஆள் இல்ல, நான் கீழ நின்னு பதனி வாங்கி, அதைக் காய்ச்சுற குடிசையான விடிலிக்கு சுமந்துட்டுப் போவேன். அடுத்த வருஷம் குட்டை மரத்துல ஏற விட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சீசன்லயும் லீவு கிடைச்சா போயிருவேன். காலேஜ் வந்தப்புறம் அதுதான் கஷ்டமாப் போச்சு, ஏன்னா பதனிக்காக பாளைய, அதாவது பனையோட பூங்குலைய, சீவுறது தை மாசி வாக்குல ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் ஓடும், பங்குனி சித்திரைதான் உச்சம், அப்பதான் எங்களுக்கு இன்டர்னல், ப்ராக்டிகல், செமஸ்டர் எல்லாம். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் இடிக்கும். ரெண்டையும் ஒரே வருஷத்துல முழுசாப் பாக்கவே முடியாது.

வெளிய இருந்து பாக்குறவங்க ஏறுறதுதான் வேலைன்னு நினைக்கிறாங்க. ஏறுறது வேலையோட கால்வாசிதான். கால்ல நார் வளையம் மாட்டிக்கிட்டு, இடுப்புல அருவாப்பெட்டி, அதுக்குள்ள பாளை அருவா, பாளைய அழுத்துற கடிப்புங்கிற கருவி, சுண்ணாம்பு எல்லாம் இருக்கும், மேல போய் மட்டைக்கு நடுவுல ஒரு இடம் பாத்து ஒடம்பை நிறுத்திக்கணும். அங்க காத்து எப்பவும் இருக்கும், கீழ இலை அசையாத நாள்லகூட மேல மரம் லேசா ஆடும், பழகாதவனுக்கு வயித்தைக் கலக்கும். அதுக்கப்புறம்தான் வேலையே. பாளைய கடிப்பு வச்சு பதமா அழுத்தணும், ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேற கடிப்பு. அழுத்தம் கொறஞ்சா பதனி ஊறாது, கூடுனா பாளை செத்துரும், அந்த வருஷம் அந்தப் பாளை அவ்வளவுதான். அப்புறம் நுனிய சீவணும், எவ்வளவு மெலிசான்னா, சீவுன துண்டைக் கையில எடுத்துப் பாத்தா வெளிச்சம் தெரியணும்னு மாமா சொல்வாரு. தடியா சீவுனா சீசன் பாதியிலயே பாளை தீந்துரும். நான் சீவுறது இன்னும் தடியாத்தான் வருது. கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவி பாளைல கட்டிட்டு இறங்கணும். சுண்ணாம்பு கொறஞ்சா ராத்திரியே புளிச்சு கள்ளாயிரும், கள்ளுக்கு நம்ம தமிழ்நாட்டுல 1987லேருந்து தடை, போலீஸ் வந்தா புளிச்சதா எறக்குனதான்னு விசாரிச்சுட்டு இருக்க மாட்டாங்க. சுண்ணாம்பு கூடுனா கருப்பட்டி ருசியே மாறிப்போகும். இந்த அளவு எந்த டம்ளர்லயும் இல்ல, விரல்லதான் இருக்கு.

மாமா சீசன்ல முப்பது மரம் பாக்குறாரு, காலைல இறக்க ஒருவாட்டி, சாயந்தரம் சீவ ஒருவாட்டி, ஆக அறுபது ஏத்தம் அறுபது இறக்கம். அம்பது வயசு தாண்டிருச்சு.

இதுல யாரும் கணக்குல எடுக்காத ஆள் எங்க அத்தை. ஒருநாள் முழுக்க விடிலில உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஓலை வேஞ்ச குடிசை, குனிஞ்சுதான் உள்ள போகணும், நடுவுல அடுப்பு, காஞ்ச ஓலையும் மட்டையும் போட்டு எரிச்சுக்கிட்டே இருக்கணும். பதனி கொதிச்சு நுரை பொங்கும், பொங்குறப்ப ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டா அடங்கிரும். கொஞ்சங் கொஞ்சமா நெறம் மாறி பாகு பதத்துக்கு வரும், ஒரு சொட்டு எடுத்து தண்ணில விட்டுப் பாப்பா, விரல்ல உருட்ட வந்தா இறக்கி, கிண்டி, சிரட்டைல ஊத்தணும். ஒரு நிமிஷம் அசந்தா அடிபிடிச்சு கசந்துரும், அன்னைக்கு மாமா ஏறுனது அத்தனையும் வீண். புகைல அத்தை கண்ணு எப்பவும் செவந்தே இருக்கும், ராத்திரி இருமல். பனைத்தொழில்னு பேசுற எல்லாரும் ஏறுறவனைப் பத்தியே பேசுறாங்க, எனக்கு அது பொறுக்கல, கருப்பட்டில பாதி அவ உழைப்பு.

காசு பத்தி கேக்குறாங்க, சொல்றேன். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் பக்கம் பதனி வேணும். நல்ல பருவத்துல ஒரு மரம் நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர் குடுத்தா, முப்பது மரத்துக்கு ஏழெட்டு கிலோவுலேருந்து பத்து பதினொண்ணு வரை வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா மாசமும் அப்படி ஊறாது, மரம் நம்மோடது இல்லைன்னா மரத்துக்காரருக்குக் குடுக்கணும், அதைவிடப் பெரிசு, சீசனுக்கு முன்னாடி வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பாங்க, அதனால அவர் சொல்ற விலைதான். கடைல சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்கு நிக்கும்போது, கலக்காத கருப்பட்டிய வச்சுக்கிட்டு நம்ம என்ன பேரம் பேசறது. ஆடிக்கு அப்புறம் மாமா கொத்தனாருக்கு கையாளாப் போறாரு. இதெல்லாம் தெரிஞ்சேதான் நான் பேசுறேன், பனையேறுனா லட்சம் லட்சமா வருதுன்னு யூடியூப்ல சொல்றத நம்பிப் போகல.

ஆபத்தும் இருக்கு. மாமா ஒருதடவை மழை பெஞ்ச ஈர மரத்துல வழுக்கி பாதி ஒசரத்துலேருந்து விழுந்தாரு, தேரி மணல் காப்பாத்துச்சு, இடுப்பு மட்டும் போச்சு, அந்த சீசன் முழுக்க கட்டில்ல. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருந்தா விபத்துக்கு உதவித் தொகை உண்டு, ஆனா எங்க ஊர்ல பாதிப்பேர் கார்டை புதுப்பிக்கிறதே இல்ல. நான் இறங்குறேன்னா முதல் வேலை அந்தப் பதிவுதான், அதை அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன்ல போகணும்ங்கிறன்னு கேட்டா, ரெண்டு காரணம்.

ஒண்ணு, எனக்கு அந்த வேலை புடிச்சிருக்கு. காலைல இருட்டுல எந்திரிச்சு மூணாவது மரம் ஏறும்போது கிழக்க வெளுக்கும், மேல இருந்து பாத்தா கடல் ஒரு கோடாத் தெரியும், கையில வேலை இருக்கும், மனசுல வேற ஒண்ணும் இருக்காது. கிளாஸ்ரூம்ல எனக்கு அப்படி ஒருநாளும் இருந்ததில்ல.

ரெண்டாவதுதான் என்னை அரிக்கிறது. 2021ல வேளாண் பட்ஜெட்ல பனை மேம்பாட்டு இயக்கம்னு அறிவிச்சாங்க, 76 லட்சம் பனை விதை, கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக்கூடாதுன்னும் சொன்னாங்க. ரொம்ப நல்ல விஷயம், நாங்களே ஸ்கூல்ல இருந்து குளத்துக்கரைல கொட்டை ஊணியிருக்கோம். பனை பலனுக்கு வர பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். அன்னைக்கு அந்த மரத்துல ஏற யாரு இருப்பா? எங்க ஊர்ல மாமாவுக்கு அப்புறம் ஏறத் தெரிஞ்ச சின்னப் பசங்க யாருமே இல்ல, மாமா பிள்ளைங்க ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் துபாய்ல. எவ்வளவு அழுத்தணும் எவ்வளவு சீவணுங்கிறத வீடியோ எடுத்து வச்சா வராது, நான் எடுத்தும் பாத்தேன், வரல. ஒரு முழு சீசன் தினமும் கூட ஏறி, பாளை மொளைக்கிறதுலேருந்து தீர்ற வரைக்கும் பாத்தாத்தான் கை பழகும். மாமாகிட்ட கேட்டேன், இன்னும் எத்தன வருஷம் ஏறுவீங்கன்னு. "முட்டு வலிக்குது மருமவனே, இன்னும் ரெண்டோ மூணோ"ன்னாரு.

"டிகிரிய முடிச்சுட்டு அப்புறம் ஏறு, யாரு வேணாங்கா" இதுதான் எல்லாரும் சொல்ற புத்தி. கேக்க நியாயமா இருக்கு, ஆனா நடக்காது. இப்ப ஆறாவது செமஸ்டர், அடுத்து பிளேஸ்மென்ட், ஆஃபர் வந்தா ஓரகடமோ ஓசூரோ போயிருவேன், எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ ஆரம்பிக்கும், தங்கச்சி படிப்பு, அவ கல்யாணம். அப்புறம் எப்ப திரும்பி வர? போன எங்க ஊர் அண்ணன்மார் யாரும் மரத்துக்குத் திரும்பல, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, வாழ்க்கை இழுக்குற பக்கம் அது. அதனால நான் எது உசத்தின்னு யோசிக்கிறத விட்டுட்டேன், எது காத்திருக்கும்னு மட்டும் யோசிச்சேன். காலேஜ் காத்திருக்கும். மாமா முட்டு காத்திருக்காது.

காலேஜ் எவ்வளவு காத்திருக்கும்னு விசாரிச்சேன். அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன்ல பிரேக் ஆஃப் ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு, ஒடம்பு சரியில்லாம போற மாதிரி சரியான காரணம் இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு நடுவுல நிறுத்திட்டு, அப்புறம் அதே செமஸ்டர்ல வந்து சேந்துக்கலாம், வரும்போது என்ன ரெகுலேஷன் இருக்கோ அது பொருந்தும். நாலு வருஷ கோர்ஸ முடிக்க மொத்தமா ஏழு வருஷம் வரை டைம். இது நிறைய பேருக்குத் தெரியல, கோவத்துல ஒரேயடியா டிஸ்கன்டினியூ பண்ணிட்டு டிசி வாங்கிட்டுப் போயிடுறாங்க, அப்புறம் மீதி ஃபீஸ் கட்டுனாத்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம்னு இழுக்கிறாங்க. அப்படி சர்டிபிகேட்ட வச்சுக்கவே கூடாதுன்னு இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் மேல இருக்குற ஏஐசிடிஇ சொல்லியிருக்கு, இருந்தாலும் அலையணும். யாராவது என்னை மாதிரி யோசிச்சுட்டு இருந்தா, முதல்ல ரெகுலேஷன் பிடிஎஃப டவுன்லோட் பண்ணி முழுசா படிங்க, அப்புறம் ஹெச்ஓடிய (துறைத் தலைவரை) பாருங்க.

உண்மையச் சொல்லணும்னா முதல்ல எனக்கு முழுசா விட்டுறணும்னுதான் இருந்துச்சு. அதை மாத்துனது என் தங்கச்சி. அவ பிளஸ் டூ, மார்ச்ல எக்ஸாம், அவளும் இன்ஜினியரிங்தான் கேக்குறா. நான் கவுன்சிலிங்ல சேரும்போது முதல் பட்டதாரி சர்டிபிகேட் குடுத்து ட்யூஷன் ஃபீஸ்ல சலுகை வாங்குனேன். அது குடும்பத்துல ஒருத்தருக்குத்தான், வேற யாரும் வாங்கலைன்னு எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டிருக்கோம். ஆக அவளுக்கு அது கிடையாது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் அவளுக்கு வரும், 2024 டிசம்பர்ல தூத்துக்குடில வச்சுதான் அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் நீட்டிச்சாங்க, எனக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்துல வர்ற ஆயிரம் மாதிரி. ஆனா ஃபீஸ் சலுகை போனது போனதுதான். அவ அழவும் இல்ல, சண்டையும் போடல, கேட்டா: "அந்தச் சலுகைய நீ வாங்கிட்ட, டிகிரியும் வாங்க மாட்டேங்க, அப்ப நம்ம வீட்டுல முதல் பட்டதாரி யாருண்ணே?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் முழுசா விடுற பேச்சே இல்ல. அந்த டிகிரி நான் மட்டும் வாங்குறது இல்ல, அவ பங்கும் அதுல போயிருக்கு, அதை நான் முடிச்சே ஆகணும்.

இன்னொண்ணும் இருக்கு, இது யாரும் சொல்லி வந்தது இல்ல. படிப்பு எனக்கு விடிலிக்குள்ள உபயோகப்படுது. தெர்மோடைனமிக்ஸ் படிச்ச அப்புறம் அத்தை அடுப்பப் பாத்தா ஒரே ஆத்திரமா வருது, மூணு பக்கமும் தீ வெளிய போகுது, சூட்டுல பெரும்பங்கு காத்துல போகுது, மீதிதான் பதனிக்கு. அடுப்ப மூடிக் கட்டி, காத்து உள்ள வர ஒரு வழி, புகை போக ஒரு குழாய், அகலமான தட்டச் சட்டி வச்சா ஓலையும் மிச்சம், நேரமும் மிச்சம், அவ நெஞ்சுக்குள்ள புகையும் போகாது. பாதிப் படிப்புல இதை வாயால சொல்ல முடியுது, இன்னும் படிச்சா சரியா டிசைன் பண்ண முடியும். இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்டா பண்ணலாமான்னு ஹெச்ஓடிகிட்ட கேட்டேன், அவங்க முகத்துல அன்னைக்குத்தான் என்னை ஒரு மனுஷனாப் பாத்த மாதிரி இருந்துச்சு. பிரேக் லெட்டருக்கு சிபாரிசு எழுதித் தரேன்னாங்க, குடும்பத் தொழில், மாமா ஒடம்பு நிலைமைன்னு காரணம் போட்டு. அப்ரூவல் மேல இருந்து வரணும்.

ஆக முடிவு இது. ஒரு சீசன். தைலேருந்து ஆடி வரைக்கும் மாமாகூட முழுசா. விடுறது ஆறாவது செமஸ்டர், அது திரும்ப அடுத்த ஜனவரிலதான் வரும், அதனால போறது அஞ்சாறு மாசம் இல்ல, ஒரு முழு வருஷம். ஆவணிலேருந்து மார்கழி வரை அடுப்பு கட்டிப் பாப்பேன், கூலி வேலை கிடைச்சா போவேன். அடுத்த தைல பாளை மொளைக்கும்போது நான் கிளாஸ்ல உக்காந்திருக்கணும், அது கஷ்டமா இருக்கும்னு இப்பவே தெரியுது, ஆனா தங்கச்சிகிட்ட எழுதியே குடுத்துட்டேன். அப்ரூவல் வரலைன்னா? அப்பவும் விடமாட்டேன், காலேஜ் போயிட்டு லீவு நாள்ல ஏறுவேன், முழு சீசனுக்கு டிகிரி முடிச்ச அந்த வருஷமே வந்துருவேன், பிளேஸ்மென்ட்ல பேர் குடுக்க மாட்டேன்.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, கடைல ஆள் வந்துட்டாங்க போல, சில்லறை எண்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் "ஒங்க தாத்தா அருவா பரண்ல கெடக்கும், துரு புடிச்சிருக்கும், தீட்டித் தரச் சொல்லு மாமாட்ட"ன்னு வச்சுட்டாரு. பிரேக் கேக்குற ஃபார்ம்ல அப்பா கையெழுத்து பொங்கலுக்கு வரும்போது. அம்மா இன்னும் என்கூட சரியாப் பேசல, ஆனா நல வாரியத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்து பீரோல வச்சிருக்கா, நான் கேக்காமலே.

இந்த வாரம் வேலை நிறைய கெடக்கு. முப்பது மரத்துக்கும் காஞ்ச மட்டைய கழிச்சு சுத்தம் பண்ணணும், ஒடஞ்ச கலயத்துக்கு பதிலா புதுசு வாங்கணும், பேங்க்ல போய் லோனுக்கு பிரேக் பத்தி எழுதிக் குடுக்கணும். உடன்குடி, சாத்தான்குளம், வேம்பார் பக்கம் யாராவது புகைக்குழாய் வச்ச அடுப்புல பதனி காய்ச்சுறீங்கன்னா தயவுசெஞ்சு சொல்லுங்க, சட்டி என்ன அகலம், குழாய் எவ்வளவு ஒசரம் வச்சிருக்கீங்கன்னு நேர்ல வந்து அளந்து பாத்துட்டுப் போறேன்.